சமத்துவத் தாக்க மதிப்பீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசுத் திட்டங்களை எடைபோடுவது பற்றிய பயிற்சிக் கூட்டங்களில் ஊராட்சி உறுப்பினர்கள், மாணவர்கள், தன்னார்வலர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்களில் பேருந்து அடிக்கடி வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஏறி இறங்கிய வண்டி என்பதால் அதை வைத்து விளக்குவது சுலபம்.

சமத்துவத் தாக்க மதிப்பீடு என்றால் என்ன?

ஒரு திட்டமோ சட்டமோ கட்டண உயர்வோ நடைமுறைக்கு வருமுன், அதனால் யாருக்கு நன்மை, யாருக்கு அது எட்டவே எட்டாது, யாரை இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளும் என்று கேட்டுப் பார்ப்பது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே ஆறு, காற்று, காடு, இங்கே மனிதர்கள். 'பொதுமக்கள்' என்று மொத்தமாகக் கட்டி வைக்காமல், பாலினம், சாதி, மதம், வயது, உடல்நிலை, வருமானம், இருக்கும் இடம் என்று மூட்டையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். மற்றதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுத்துவிட்டால் சமம்தானே? எதற்குப் பிரித்துப் பார்க்க வேண்டும்?

அடுத்த முறை நகரப் பேருந்தில் ஏறும்போது முதல் படியைக் கொஞ்சம் கவனியுங்கள். பல வண்டிகளில் அது முழங்கால் உயரம். நாற்பது வயதுக்காரருக்கு அது கண்ணிலேயே படாது. மூட்டுவலிக்காரப் பாட்டி ஒரு கையால் கம்பியைப் பிடித்து, இன்னொரு கையால் புடவையைக் கொஞ்சம் தூக்கி, காலை வைத்து, பின்னால் நிற்பவர் முதுகில் கைகொடுத்தால்தான் ஏறுவார். சக்கர நாற்காலியில் இருப்பவர் நிறுத்தத்திலேயே இருந்துவிடுவார். மூவருக்கும் ஒரே பேருந்து, ஒரே படி, ஒரே கட்டணம். யாரையும் வேண்டுமென்று ஒதுக்கவில்லை. ஆனாலும் ஒருவர் ஏறவில்லை.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுப் போக்குவரத்து அனைவரும் பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. அதற்குப் பிறகும் எந்த உயரத்தில் பேருந்து வாங்குவது என்பது பற்றிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்தது. தளம் தரையிலிருந்து 400 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும் புதிய தாழ்தளப் பேருந்துகள் சென்னையில் ஓடத் தொடங்கியது 2024 ஆகஸ்டில்தான். வண்டிக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் ஒரு மாலை நேரம் உட்கார்ந்து 'இதில் யார் ஏற முடியாது?' என்று கேட்டிருந்தால் எவ்வளவு வழக்குச் செலவு மிச்சமாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இது எங்கே தொடங்கியது?

சட்டக் கடமையாக இதை வளர்த்தெடுத்ததில் பிரிட்டனுக்குப் பெரிய பங்கு உண்டு. 1993-இல் லண்டனில் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் பேருந்து நிறுத்தத்தில் (ஆமாம், இங்கேயும் பேருந்துதான்) இனவெறிக் கும்பலால் கொல்லப்பட்டார். போலீஸ் விசாரணை சொதப்பலானது. 1999-இல் வெளிவந்த மேக்பர்சன் அறிக்கை, தனிப்பட்ட அதிகாரியின் வெறுப்பு மட்டுமே பிரச்சினை இல்லை, நிறுவனம் இயங்கும் விதத்திலேயே இனப் பாகுபாடு ஊறியிருக்கிறது என்றது. அதன் விளைவாக 2000-இல் சட்டம் திருத்தப்பட்டது. யாராவது பாதிக்கப்பட்டு வழக்குப் போடும்வரை காத்திராமல், அரசு அமைப்புகளே முன்கூட்டி யோசிக்க வேண்டும் என்ற கடமை வந்தது. 2006-இல் மாற்றுத்திறனாளிகளுக்கும் 2007-இல் பாலினத்துக்கும் இதே கடமை நீண்டது. பிறகு எல்லாவற்றையும் 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் 149-ஆம் பிரிவில் சேர்த்தார்கள். வட அயர்லாந்து இதற்கெல்லாம் முந்தி, 1998-இலேயே, தன் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் மதம், அரசியல் கருத்து உட்பட 9 வகையினரைக் குறிப்பிட்டு இந்தக் கடமையை எழுதிவிட்டது.

இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் இருக்கிறதா?

இந்தப் பெயரில் பொதுவான சட்டம் இல்லை. துண்டுதுண்டாக இருக்கிறது.

மத்திய பட்ஜெட்டில் 2005-06 முதல் பாலின அறிக்கை ஒன்று இணைக்கப்படுகிறது. முழுக்கப் பெண்களுக்கான திட்டங்கள் ஒரு பகுதி, 30 விழுக்காட்டுக்குக் குறையாமல் பெண்களுக்குப் போகும் திட்டங்கள் இன்னொரு பகுதி. பணம் எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்று அது சொல்லும். அந்தப் பணத்தால் என்ன ஆனது என்று சொல்லாது. அதை மதிப்பீடு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. கணக்குச் சீட்டு என்று சொல்லலாம்.

இதற்கு நெருங்கிய உறவுக்காரர், 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம் கொண்டுவந்த சமூகத் தாக்க மதிப்பீடு. 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கிராம சபையைக் கலந்து, மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தி, ஆறு மாதத்துக்குள் மதிப்பீட்டை முடித்து, அறிக்கையை உள்ளூர் மொழியில் வெளியிட வேண்டும். அந்த அறிக்கையைப் பரிசீலிக்கும் குழுவில் அரசு சாராத சமூகவியலாளர் இருவர் இருக்க வேண்டும். எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்த இடம், 'பாதிக்கப்பட்ட குடும்பம்' யார் என்று சொல்லும் பகுதி. நிலத்துக்காரர் மட்டுமல்லாமல், மூன்று ஆண்டுகளாக அந்த நிலத்தை நம்பிப் பிழைக்கும் விவசாயக் கூலி, குத்தகைதாரர், வாரத்துக்கு உழுபவர் எல்லோரும் அதில் வருகிறார்கள். பட்டாவில் பெயர் இல்லாதவரையும் எண்ணிக்கையில் சேர்க்கும் வரி அது. நம் ஊரில் பட்டா யார் பெயரில் இருக்கும், கூலி வேலைக்கு யார் போவார்கள் என்று யோசித்தால் அதன் கனம் புரியும்.

சரி, தமிழ்நாட்டில் என்ன நடந்தது? நெடுஞ்சாலை, தொழிற்துறை, ஆதிதிராவிடர் நலத் திட்டங்கள் ஆகியவற்றுக்காக நிலம் எடுக்கும் மூன்று மாநிலச் சட்டங்களுக்கு, அந்த 2013 சட்டத்திலேயே 105ஏ என்ற பிரிவைச் சேர்த்து விலக்கு வாங்கினார்கள். இழப்பீடு பொருந்தும், சமூகத் தாக்க மதிப்பீடு பொருந்தாது. 2019-இல் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதே ஆண்டு மாநில அரசு அந்த மூன்று சட்டங்களுக்கும் மறுபடி உயிர் கொடுக்கப் புதுச் சட்டம் இயற்றியது. 2021-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. பெரிய அளவில் நிலம் எடுக்கப்படுவது சாலைக்கும் தொழிற்பேட்டைக்கும்தான். அங்கேதான் கேள்வி கேட்கும் கட்டாயம் இல்லை.

பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்தை எடுத்துக்கொண்டு விளக்க முடியுமா?

முடியும். நான் பயிற்சிகளில் எப்போதும் எடுப்பது இதைத்தான்.

2021 மே மாதம் ஆட்சி மாறியதும் முதல்வர் போட்ட முதல் கையெழுத்துகளில் ஒன்று இது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில், அதாவது வெள்ளை போர்டு வண்டிகளில், பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சில வாரங்களிலேயே திருநர், மாற்றுத்திறனாளிகள், அவர்களோடு வரும் துணையாளர் என்று விரித்தார்கள். பிற்பாடு 'விடியல் பயணம்' என்று பெயர் வந்தது. மாநிலத் திட்டக் குழு நடத்திய ஆய்வில், பயணிக்கும் பெண்களுக்குச் சராசரியாக மாதம் 888 ரூபாய் மிச்சமாவதாகத் தெரிந்தது. வீட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு இது சிறு தொகை இல்லை. 

இந்த இடத்தில் பலர் நிறுத்திவிடுவார்கள்: திட்டம் நல்லது, கைதட்டு, அடுத்தது. மதிப்பீடு இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

முதல் கேள்வி: வெள்ளை போர்டு வண்டி எங்கே ஓடாது? மலையில். நீலகிரி, கொடைக்கானல், வால்பாறைப் பக்கம் ஓடும் வண்டிகள் 'நகரப் பேருந்து' என்ற வகைக்குள் வராததால், தேயிலை பறிக்கும் பெண் காசு கொடுத்து டிக்கெட் வாங்கினார். கோவைக்காரப் பெண்ணுக்கு இலவசம், வால்பாறைக்காரப் பெண்ணுக்கு இல்லை. யாரும் திட்டமிட்டுச் செய்த ஓரவஞ்சனை இல்லை. அரசாணையில் ஒரு சொல் செய்த வேலை. 2024-25 மாநில பட்ஜெட்டில்தான் இதை மலைப்பகுதிக்கு விரித்தார்கள். ஏறக்குறைய மூன்று ஆண்டு. முன்கூட்டி மதிப்பீடு செய்திருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும் விஷயம்.

இரண்டாவது: வண்டி நிற்கிறதா? ஒருநாள் காலை ஆறரை மணிக்கு ஒரு நிறுத்தத்தில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். பூக்கூடை, மீன் பாத்திரம், டிபன் பை என்று பெண்கள் கூட்டம். அன்று வந்த ஆறு வண்டிகளில் இரண்டு, நிறுத்தத்தைத் தாண்டி முப்பதடி தள்ளித்தான் நின்றன. இளம்பெண்கள் ஓடிப்போய் ஏறிவிட்டார்கள். கூடைக்காரம்மா ஓடவில்லை. "ஓசி டிக்கெட்டுன்னா இப்படித்தான் கண்ணு, அடுத்தது வரட்டும்" என்று சொல்லிவிட்டுக் கூடையை இறக்கி வைத்தார். ஒரு காலைப் பொழுதில் ஒரு நிறுத்தத்தில் கண்டதை வைத்து மாநிலம் முழுவதையும் எடைபோட மாட்டேன். ஆனால் அந்த 'ஓசி' என்ற சொல்லை அவர் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. 2022-இல் ஓர் அமைச்சரே மேடையில் அதைச் சொல்லிச் சர்ச்சையானது. திட்டம் பணத்தைக் கொடுத்து மரியாதையைப் பறித்தால் அதுவும் தாக்கம்தான். கணக்கில் வர வேண்டும்.

மூன்றாவது, எப்போதும் விவாதம் சூடாவது: ஆண் கூலித் தொழிலாளிக்கு ஏன் இல்லை? நியாயமான கேள்வி, சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. என் பதில் இது. 2019-இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். கையில் சொந்தக் காசு குறைவு, வீட்டில் வண்டி இருந்தாலும் சாவி பெரும்பாலும் ஆண் கையில். அதனால் பெண்களிடமிருந்து தொடங்கியதற்குக் காரணம் இருக்கிறது. அதே மதிப்பீட்டில், ஏழை முதிய ஆண்கள் விடுபடுகிறார்கள் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். எழுதாமல் விட்டால் அது மதிப்பீடு ஆகாது, விளம்பரம் ஆகிவிடும்.

எப்போது செய்ய வேண்டும்?

முடிவெடுப்பதற்கு முன்னால். பிரிட்டன் நீதிமன்றங்கள் 2008-இல் பிரவுன் என்பவரின் வழக்கில் இதை அழுத்திச் சொல்லின: முடிவு எடுப்பவரின் மனதில், முடிவு எடுக்கும் நேரத்தில் இந்த யோசனை இருக்க வேண்டும், எடுத்த முடிவுக்குப் பிறகு காரணம் தேடி எழுதும் தாள் செல்லாது. டெண்டர் விட்ட பிறகு வந்து "ஏதாவது பாதிப்பு இருந்தால் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்கும் அதிகாரிகளை எனக்குத் தெரியும். கல்யாண மண்டபத்தில் தாலி கட்டியபின் ஜாதகம் பார்க்கும் கதை.

புள்ளிவிவரமே இல்லையே, எதை வைத்துச் செய்வது?

இருக்கும் புள்ளிவிவரத்தையும் கண்ணை மூடி நம்பக் கூடாது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 16.4 லட்சம். 2011-இல் 11.8 லட்சம். பத்தாண்டில் நாலரை லட்சம் பேர் குணமாகிவிடவில்லை. கேள்வியின் வாசகமும் வரையறையும் மாறின. இந்த எண்ணை வைத்துச் சாய்தளம் எத்தனை கட்டுவது என்று ஒருவர் திட்டமிட்டால் என்ன ஆகும்?

எண் இல்லாத இடத்தில் போய்ப் பாருங்கள். ஆஸ்திரியாவின் வியன்னா நகரம் 1990-களில் பூங்காக்களைக் கவனித்தபோது, ஒன்பது வயதைத் தாண்டிய பெண் குழந்தைகள் பூங்காவுக்கு வருவது சட்டென்று குறைவது தெரிந்தது. யாரும் அவர்களைத் துரத்தவில்லை. திறந்த மைதானம் முழுக்கப் பையன்கள் பந்தோடு நிற்க, போட்டி போட விரும்பாத பெண்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். நகராட்சி சில பூங்காக்களில் ஒரே பெரிய மைதானத்தைச் சிறு சிறு இடங்களாகப் பிரித்தது, வேறு விளையாட்டுகளுக்கு இடம் விட்டது, நடைபாதையைச் சரிசெய்தது. பெண்கள் திரும்பி வந்தார்கள். இதற்குத் தேவைப்பட்டது உட்கார்ந்து எண்ணிய ஆட்கள்.

சென்னையில் ஆற்றங்கரைக் குடியிருப்புகளை அகற்றி மறுகுடியமர்த்தியதை இந்த முறையில் எப்படிப் பார்ப்பீர்கள்?

தாளில் பார்த்தால் நல்ல கணக்கு: கூவம் கரையில் ஓலைக் குடிசை, அதற்குப் பதில் பெரும்பாக்கத்தில் கான்கிரீட் வீடு. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஏராளமான குடும்பங்கள் அங்கே போயின. அதற்கு முன்பே கண்ணகி நகர், செம்மஞ்சேரி என்று இதே போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகள்.

வீட்டைப் பார்க்காமல் ஒரு நாளைப் பாருங்கள். நகர நடுவில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவர், காலையில் ஒரு வீடு, மதியம் ஒரு வீடு, நடுவில் தன் பிள்ளைக்குச் சோறு ஊட்டிவிட்டு வருவார். நடந்தே போய் வருவார். 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வைத்த பிறகு இந்த நடுவில் வந்துபோவது சாத்தியமில்லை. இரண்டு வீட்டு வேலை கைவிட்டுப் போகும். கணவரும் தூரத்து வேலைக்குப் பேருந்தில் போவார்தான். ஆனால் அவருக்கு நடுவில் வீட்டுக்கு வரும் கட்டாயம் இல்லை. ஒரே இடமாற்றம், இருவருக்கும் வேறு வேறு விலை. அப்புறம் முகவரி. "எந்த ஏரியா?" என்ற கேள்விக்குக் கண்ணகி நகர் என்று பதில் சொன்னதும் வேலை நேர்காணலில் முகம் மாறுவதை அங்குள்ள இளைஞர்கள் பலமுறை ஊடகங்களில் சொல்லியிருக்கிறார்கள். அங்கே குடியேறியவர்களில் பெரும் பகுதி தலித் குடும்பங்கள் என்பதைச் சேர்த்துப் படித்தால், 'வீட்டு வசதித் திட்டம்' என்ற தலைப்பு போதாது என்று தெரியும்.

1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கிய காலத்தில், முடிந்தவரை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டித் தருவது என்ற எண்ணம் இருந்தது. அந்த எண்ணத்தை ஏன் விட்டோம் என்பதைத்தான் மதிப்பீடு முதலில் கேட்டிருக்க வேண்டும்.

இது வெறும் படிவம் நிரப்பும் வேலை ஆகிவிடாதா?

ஆகிவிடும். ஆகியும் இருக்கிறது. 'பாதிப்பு: இல்லை, இல்லை, இல்லை' என்று வரிசையாக டிக் அடித்த படிவங்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். பிரிட்டன் பிரதமர் டேவிட் கேமரன் 2012-இல், அதிகாரிகள் புத்திசாலிகள், திட்டம் போடும்போதே சமத்துவத்தை யோசித்துக்கொள்வார்கள், டிக் அடிக்கும் தாள் வேண்டாம் என்று பேசினார். பாதி சரி. தாள் யோசிக்க வைக்காது. ஆனால் தாளே இல்லாவிட்டால், யோசித்தீர்களா என்று பின்னால் கேட்க நம்மிடம் எதுவும் இருக்காது.

நீதிமன்றத்தில் இது நிற்குமா?

பிரிட்டனில் நின்றிருக்கிறது, தோற்றும் இருக்கிறது. 2020-இல் சவுத் வேல்ஸ் போலீஸ் தெருவில் முகம் அடையாளம் காணும் மென்பொருளைப் பயன்படுத்தியது தொடர்பான மேல்முறையீட்டில், அந்த மென்பொருள் இனத்தாலோ பாலினத்தாலோ பாகுபாடு காட்டுமா என்று போலீஸ் முறையாகச் சரிபார்க்கவில்லை, கடமை தவறியது என்று தீர்ப்பு வந்தது.

இன்னொன்று கசப்பான கதை. கடுமையான உடல் குறைபாடு உள்ளவர்கள் சொந்த வீட்டில் வாழ உதவிய ஒரு நிதியை மூட அரசு முடிவு செய்தது. 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது: அமைச்சர் பாதிப்பின் முழு அளவைக் கண்ணால் பார்த்து முடிவெடுத்ததாகத் தெரியவில்லை என்று. வழக்குத் தொடுத்தவர்கள் கொண்டாடினார்கள். அரசு புதிதாக ஒரு மதிப்பீடு எழுதி, பாதிப்பு உண்டு என்று அதிலேயே ஒப்புக்கொண்டு, 2014-இல் மறுபடியும் மூட முடிவு செய்தது. இரண்டாவது வழக்கு தோற்றது. 2015 ஜூன் மாதத்தோடு நிதி மூடப்பட்டது. யோசித்துவிட்டுச் செய் என்றுதான் அந்தச் சட்டம் சொல்கிறது. நல்லதையே செய் என்று சொல்லவில்லை. இதைத் தெரிந்துகொண்டு வழக்குக்குப் போவது நல்லது.

பாதிப்பு இருக்கிறது என்று தெரிந்தால் திட்டத்தையே நிறுத்த வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். மாற்றினால் போதும். மலைப் பேருந்துக்கு ஒரு வரி சேர்த்தது போல.

எங்கள் ஊராட்சியில் நாங்களே செய்து பார்க்கலாமா?

தாராளமாக. தெருவிளக்கு, தண்ணீர்த் தொட்டி, நூறு நாள் வேலை நடக்கும் இடம், ரேஷன் கடை நேரம் என்று ஏதாவது ஒன்றைப் பிடியுங்கள். உதாரணமாகப் பத்து தெருவிளக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊர் வரைபடத்தை ஒரு சார்ட் தாளில் போட்டு, எங்கெங்கே கம்பம் வரப்போகிறது என்று புள்ளி வையுங்கள். அப்புறம் காலனிப் பக்கம் போய், மாலை ஏழு மணிக்கு மேல் எந்தப் பாதையில் நடக்கப் பயம் என்று பெண்களிடம் கேட்டு அதையும் வேறு நிறத்தில் குறியுங்கள். இரண்டு நிறமும் எங்கே ஒத்துப்போகவில்லை என்று பார்த்தால் போதும், அறிக்கை அதற்குள்ளேயே இருக்கிறது. ஆண்கள் கூட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள், "எங்க ஊர்ல பயமா?" என்று ஒருவர் எழுந்து நிற்பார், கூட்டம் முடிந்துவிடும்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்தச் சார்ட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய், தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதிய தீர்மானத்தை அங்கேயே போன் கேமராவில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.